குருதிக் கொடையும் அதனை அளந்து கொடுக்கும் கையும்

— பழைய மாணவ வைத்தியர் ஒருவர்

நம் கல்லூரி அன்னை விழாக்கோலம் பூண்டு நிற்கும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தனர். மாணவப் பருவத்தின் இனிய நினைவுகளை எழுதுவார் பலர் உளர். யான் மலைநாட்டிலே நெடுங்காலம் வைத்தியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவன். ஆதலின், என் நெஞ்சில் பல்லாண்டுகளாகக் கனன்று கொண்டிருக்கும் ஒரு கருத்தை இம்மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கத் துணிகின்றேன். அது குருதி வங்கிகளைப் பற்றியது. இன்னும் நுட்பமாகக் கூறின், அவற்றை நடத்துதற்குரிய வைத்தியர்களைப் பயிற்றுதல் பற்றியது.

இரண்டு தாய்மாரின் கதையை முதலிற் சொல்லிவிடுகின்றேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றில் இளம் வைத்தியனாகப் பணியாற்றினேன். மழையும் மூடுபனியும் சூழ்ந்த ஓர் இரவில், தோட்டமொன்றிலிருந்து லொறியில் ஒரு தாயைக் கொண்டு வந்தனர். லயத்திலே பிள்ளை பிறந்தபின் குருதிப்பெருக்கு நிற்கவில்லை. எங்கள் குளிர்ப்பெட்டியில் அவளுடைய வகைக்குரிய குருதி இரண்டு அலகுகளே இருந்தன. நகரத்திலிருந்து மேலும் வருவதற்கு நான்கு மணி நேரமாகும். லொறிச் சாரதியும் வைத்தியசாலைச் சிற்றூழியர் ஒருவரும் அவ்வகைக் குருதி உடையவர்களாய் இருந்தமை அவள் செய்த புண்ணியம். அவர்கள் கொடுத்தனர், அவள் பிழைத்தாள்.

சில மாதங்கள் கழித்து வேறொரு தாய் வந்தாள். கொழுந்து பறிப்பவள், ஆண்டுக் கணக்கில் சோகையால் வெளுத்துப்போனவள். மூச்சு வாங்கியது, ஆனால் குருதி ஒழுகவில்லை. அன்று குளிர்ப்பெட்டியிற் குருதி போதியளவு இருந்தது. முன்னையவளைக் காத்த அதே மருந்து இவளையும் காக்கும் என்று எண்ணினேன். இரண்டு அலகுகளை விரைவாக ஏற்றினேன். விடியுமுன் அவள் நுரையீரலில் நீர் நிறைந்து மூச்சடங்கினாள்.

அவள் குருதி இல்லாமையால் இறக்கவில்லை. என் அறியாமையால் இறந்தாள். நெடுநாட் சோகையுடையவரின் உடலில் குருதியின் கனவளவு குறைவதில்லை, செங்கலங்களே குறைகின்றன. தளர்ந்த இதயம் திடீரென வந்து சேரும் மிகைப் பாரத்தைத் தாங்க மாட்டாது. அத்தகையோருக்குச் செங்கலங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஓர் அலகை மெல்ல மெல்ல, பக்கத்திலிருந்து நோக்கியவாறு ஏற்றல் வேண்டும். பலருக்கு இரும்புச் சத்தே போதும், குருதியே வேண்டியதில்லை. இதனை அன்று எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. யானும் தேடிக் கற்கவில்லை. குளிர்ப்பெட்டி ஒன்றே; குருதியும் ஒன்றே. ஒருத்திக்கு அது அமுதமாயிற்று, மற்றொருத்திக்கு நஞ்சாயிற்று. இடையே நிற்க வேண்டியது அறிவு. அவ்வறிவிற்குப் பெயர்தான் குருதி மாற்று மருத்துவம்.

இத்துறை நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதுடையது. வியன்னா நகரில் கார்ல் லான்ட்ஸ்ரெயினர் 1901இல் குருதி வகைகளை வெளிப்படுத்தினார்; அதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த யூன் 14ஆம் நாளே இன்று உலகக் குருதிக் கொடையாளர் நாளாகப் போற்றப்படுகின்றது. 1914இல் சிற்றேற்று உப்பினாற் குருதி உறையாது காக்கும் வழி காணப்பட்டது. 1937இல் சிக்காகோ நகரில் பேர்னார்ட் பன்ரஸ் என்னும் வைத்தியர் குருதியைச் சேமித்து வைக்கும் நிலையம் ஒன்றை நிறுவி, அதற்கு ‘வங்கி’ என்னும் பெயரைச் சூட்டினார். 1940இல் றீசஸ் காரணி அறியப்பட்டது. 1968 முதல் அக்காரணியற்ற தாய்மாரின் அடுத்த குழந்தையைக் காக்கும் ஊசிமருந்து வழக்கிற்கு வந்தது.

இன்று ஒரு கொடையாளர் தரும் குருதி மூன்றாகப் பிரிக்கப்படுகின்றது. செங்கலங்களை 2 முதல் 6 பாகை செல்சியசில் வைத்து ஐந்து, ஆறு வாரங்கள் காக்கலாம். சிறுதட்டுகளோ 20 முதல் 24 பாகையில் அசைந்துகொண்டே இருத்தல் வேண்டும்; ஐந்து நாட்களில் அவற்றின் ஆயுள் முடிகின்றது. பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி உறைநிலையிற் காக்கப்படுகின்றது. யாருக்கு எதனை, எவ்வளவு, எவ்வேகத்தில் கொடுப்பது? முன்னர்ப் பலமுறை குருதி பெற்றவரின் உடலில் தோன்றியுள்ள பிறபொருளெதிரிகளை எவ்வாறு கண்டறிவது? கொடாமல் இருப்பதே நலம் என எப்போது துணிந்து சொல்வது? இவற்றை முடிவு செய்பவர் ஆய்கூடத்தையும் நோயாளியின் கட்டிலையும் ஒருங்கே அறிந்தவராய் இருத்தல் வேண்டும். அமெரிக்க நாட்டில், நோயியல் முதலிய துறைகளிற் பயின்று தேர்ந்த வைத்தியர்கள் இதற்கென்றே மேலும் ஓராண்டு ‘பெல்லோஷிப்’ என்னும் சிறப்புப் பயிற்சி பெறுகின்றனர்.

நம் நாடு இதிற் பின்தங்கியதன்று. கொழும்பு நாரஹேன்பிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய குருதி மாற்றுச் சேவை நாடெங்குமுள்ள அரச வைத்தியசாலைகளின் குருதி வங்கிகளை ஒரு குடைக்கீழ் நடத்தி வருகின்றது. 2014ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிற் சேர்க்கப்படும் குருதி முழுவதும் ஊதியம் பெறாத தன்விருப்பக் கொடையே. செல்வம் மிக்க நாடுகளும் வியக்கத்தக்க பெருமை இது. கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவகம் குருதி மாற்று மருத்துவத்தில் டிப்ளோமாப் பயிற்சியும் எம்.டி. பட்டமும் வழங்குகின்றது. வழி திறந்தே கிடக்கின்றது. அவ்வழியே நடந்து மலையேறி வருவோர் எத்தனை பேர் என்பதே என் வினா.

அற்றனிலிருந்து கண்டி ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. சமவெளியில் அது ஒரு தொலைவன்று. வளைவும் மூடுபனியும் மண்சரிவும் மிக்க மலைப்பாதையில் அது ஓர் உயிரின் தொலைவு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை எவரும் மறந்திரார். மழைக்காலத்தில் பாதை எங்கே அறுபடும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. பாதை அறும்போது, மலையில் உள்ள குருதியும் மலையில் உள்ள வைத்தியருமே துணை. டிக்கோயாவில் இந்திய அரசின் உதவியால் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. கட்டடம் வந்தது நன்று. கட்டடத்துக்கு உயிரூட்டுவோர் மனிதரன்றோ!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர் தம் உதிரத்தைத் தேயிலைக்கு உரமாக்கினர் என்று மேடைதோறும் முழங்குகின்றோம், கைதட்டலும் பெறுகின்றோம். அவ்வுதிரம் உவமை. அம்மக்களின் பெண்ணொருத்தி பிள்ளைப்பேற்றின்போது நிலத்திற் சிந்தும் உதிரம் உவமையன்று. உவமைக்கு இருநூறு ஆண்டுகளாக நீர் வார்த்தோம். உண்மைக்கு என்ன செய்தோம்?

ஆதலின், இவ்விழாவின் நினைவாக மூன்று காரியங்களைச் சங்கத்தார் மேற்கொள்ளலாம் என விண்ணப்பிக்கின்றேன்.

முதலாவது, தோட்டப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவருக்கு ஒரு நிலையான உதவிநிதி. விதை ஊன்றாது விளைவை எதிர்பார்த்தல் பேதைமை. மலைநாட்டில் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்கூடமும் இன்றி, மருத்துவ பீட வாயிலை எட்டாமலே திரும்பிய அறிவுள்ள பிள்ளைகளை யான் அறிவேன்.

இரண்டாவது, நுவரெலியா மாவட்டத்து வைத்தியசாலைகளிற் பணியாற்றும் இளம் வைத்தியர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பயிற்சி உதவி. எல்லாரும் எம்.டி. பட்டம் பெற இயலாது, பெறவும் வேண்டியதில்லை. தேசிய சேவையின் நிலையம் ஒன்றிற் சில மாதங்கள் இருந்து கற்கவும், வாய்ப்பிருப்பின் அத்துறைக்கெனத் தனிப் பகுதி கொண்ட வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களிற் சிறிது காலம் பயிலவும், உரியோரின் இசைவோடு நாம் துணை செய்யலாம். பிரயாணச் செலவும் நூற்செலவும் பெருந்தொகையாகா.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு முறை, கல்லூரி மண்டபத்தில் குருதிக் கொடை முகாம். 18 வயது நிரம்பியவர், நலமுடையவர், குருதியில் ஈமோகுளோபின் 12 கிராமுக்கு மேல் உள்ளவர் கொடுக்கலாம். நான்கு மாதங்களுக்கு ஒரு முறை கொடுக்கலாம். சோகையால் வாடும் தோட்டத்துத் தாய் கொடுக்க இயலாதவள். அவளுக்காகக் கொடுக்க வேண்டியவர் நாம்.

மறுப்புரைப்பார் கூறுவன எனக்குத் தெரியும். ‘பயிற்றினால் வெளிநாடு சென்றுவிடுவர்’ என்பர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் கடல் கடந்தமை உண்மையே. ஆயினும், ஐவரைப் பயிற்றி இருவர் தங்கினால் அவ்விருவரும் நமக்கு இலாபம். ஒருவரையும் பயிற்றாவிடின் மிஞ்சுவது வெறுமையே. அன்றியும், லயத்திற் பிறந்து, தன் தாய் வெளுத்த முகத்தோடு மலையேறியதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, அம்மலைக்குத் திரும்பி வருதல் கூடும். அவர் நோயாளியின் மொழியிலே கேட்பார். ‘முன்னர்க் குருதி ஏற்றியதுண்டா, அம்மா?’ என்னும் ஒரு வினாவிற்குத் தமிழிற் கிடைக்கும் விடையே சில வேளைகளில் உயிர் காக்கும்.

‘இஃது அரசின் கடன், கல்லூரிக்கு இதில் என்ன வேலை?’ என்றும் சிலர் வினவலாம். அரசின் கடன் அரசினுடையதே. அதனை நாம் வற்புறுத்திக் கேட்கவும் வேண்டும். ஆனாற் கல்வி கொடுத்தல் நம் குலத்தொழில். விழா நினைவாக வளைவு எழுப்பலாம். மணிக்கூட்டுக் கோபுரம் கட்டலாம். ஓர் இளைஞரின் அறிவில் எழுப்பும் நினைவுச்சின்னம் மழையிற் கரையாது.

புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையை இக்கல்லூரியின் கீழ்வகுப்பிலே கேட்டோம். அன்று ஆசிரியர் கொடையை மட்டுமே சிறப்பித்தார் என்று நினைவு. இன்று அக்கதையில் எனக்கு வேறொன்றும் தோன்றுகின்றது. அரசன் கொடுத்தான், ஆனால் ஒரு தராசிலே வைத்துக் கொடுத்தான். கொடைக்கு அளவை வேண்டும். அளவைக்குக் கற்ற கை வேண்டும். நம் நாட்டிற் கொடுப்போர் உளர். மலைநாட்டில் அளந்து கொடுக்கும் கைகளை உண்டாக்குவோம். அவ்வாறு ஒரு கை உருவாகுமாயின், நாற்பது ஆண்டுகளுக்கு முன் விடியுமுன் மூச்சடங்கிய அத்தாய்க்கு யான் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீர்ந்ததாகும்.