சிவப்பு விளக்கை அணைத்தால் சூடு தணியுமா?

குக்கரில் வெகுநேரம் விசில் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? உடனே அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, வெயிட்டையும் கேஸ்கட்டையும் பார்க்கிறோம். 'விசில்தானே வரலை, எரியட்டும்' என்று எந்தப் பெண்ணும் விட்டுவிட மாட்டாள். ஆனால், கார் விஷயத்தில் மட்டும் 'அது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று பின் சீட்டில் வாய் மூடி உட்கார்ந்து விடுகிறோம். இது சரியா சகோதரிகளே?

எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரத்தில் உள்ளது. காரவள்ளியிலிருந்து மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆடி 17, 18ல் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும், அறப்பளீஸ்வரர் கோவிலுக்கும் வெளியூர் கார்கள் வரிசையாக ஏறும். சின்ன கியரில் ஊர்ந்து போகும்போது இன்ஜின் அதிகம் உழைக்கும். ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றும் சரியாகக் கிடைக்காது. சமவெளியில் மறைந்திருந்த கோளாறு மலையில்தான் வெளுக்கும்.

என் நாத்தனார் குடும்பம் அப்படித்தான் மாட்டிக் கொண்டது. அவர்களது பழைய காரில் டெம்பரேச்சர் லைட் அடிக்கடி எரிந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, 'சென்சார் கோளாறுங்க, வேற ஒண்ணுமில்ல' என்று ஒயரைக் கழற்றி விட்டிருக்கிறார்கள். லைட் அணைந்தது, எல்லாருக்கும் நிம்மதி. சில மாதம் கழித்து மலை ஏறும்போது ஹோஸ் வெடித்து, தண்ணீர் முழுக்க ஒழுகிப் போனது. எச்சரிக்கத்தான் லைட் இல்லையே! பொழுது சாயும் நேரத்தில், நடு வளைவில் இன்ஜின் நின்று விட்டது. வண்டிக்குள் கைக்குழந்தையும், வயதான மாமியாரும்! பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன நாத்தனார் கணவரை, 'அண்ணா, தொடாதீங்க... மூஞ்சியெல்லாம் வெந்துடும்' என்று தடுத்தவர், அந்த வழியாக வந்த லாரி டிரைவர். அவர் புண்ணியத்தில் அன்று உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால், இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்த செலவில் எத்தனையோ சென்சார் வாங்கியிருக்கலாம்.

சென்சார் கெட்டுப் போகாதா என்றால், போகும். அதன் முனை இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் தண்ணீரில் நனைந்தபடி இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அதை வைத்துத்தான் முள் நகர்கிறது. ஒயர் அறுந்தாலோ, பின் துருப்பிடித்தாலோ முள் தப்பாகக் காட்டும். அதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. காலையில், இரவெல்லாம் ஆறிய வண்டியில் சாவியைத் திருப்பிப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைவது வழக்கம். சிவப்பு மட்டும் அணையாமல் நின்றாலோ, முள் உச்சியில் நின்றாலோ சென்சார் அல்லது ஒயரில்தான் சந்தேகம். சில கார்களில் முதலில் நீல விளக்கு எரியும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், பயம் வேண்டாம்.

கூலன்ட் டப்பாவில் இரண்டு கோடுகள் இருக்கும். தண்ணீர் அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டும். வாரா வாரம் குறைந்தால் அது ஒழுகல். சென்சார் மேல் பழி போடக் கூடாது. இன்னொன்று, தண்ணீர் முழுக்க வடிந்து விட்டால் சென்சார் முனை வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் கீழே இறங்கி, வண்டி ஆறி விட்டது போலக் காட்டும். அதை நம்பி ஓட்டினால் இன்ஜின் போச்சு!

வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஏசியை நிறுத்தி, பத்திரமான இடத்தில் ஒதுக்கி, இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். மூடியைத் தொட வேண்டாம். குக்கர் போலவே உள்ளே அழுத்தம் இருக்கும். நன்றாக ஆறிய பிறகே கூலன்ட் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு நல்ல தண்ணீர் போதும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும்.

எங்கள் ஊர் சந்தையில் கால் கிலோ மிளகு வாங்க நாலு கடை ஏறி இறங்கி, கடித்துப் பார்த்து வாங்குகிறோம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, 'சென்சார்தான்னு எப்படிச் சொல்றீங்க? டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?' என்று ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? பொய் சொல்லும் சென்சாரை மாற்றச் சொல்வோம். ஒயரைப் பிடுங்க விடக் கூடாது. வண்டி ஓட்டத் தெரிந்தால்தான் கேட்க வேண்டும் என்று சட்டமா என்ன? சிவப்பு விளக்கைப் பார்த்ததும், 'வண்டியை நிறுத்துங்க' என்று சொல்ல லைசென்ஸ் தேவையில்லை.

– ஒரு வாசகி, பேளுக்குறிச்சி.