அவசரத்துக்கு ஒரு கை!

2025 அக்டோபர் 29. லாஸ் ஏஞ்சலஸ், டாட்ஜர் ஸ்டேடியம். பேஸ்பாலின் உச்சமான வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டம். டொரன்டோ புளூ ஜேஸ் அணிக்காகப் பந்து வீச வந்தவர் ட்ரே யெசாவேஜ். வயது 22. அந்த வருடம் ஏப்ரலில் ஃப்ளோரிடாவில், மைனர் லீக்கின் அடிப்படியில், சில நூறு பேர் முன்னால் வீசிக்கொண்டிருந்த பையன். ஐந்தே மாதத்தில் நான்கு படிகளைக் கடந்து, செப்டம்பரில் மேஜர் லீக்குக்குள் நுழைந்தார். லீக் சுற்றில் ஆடியது மூன்றே மூன்று ஆட்டம். அன்று இரவு ஏழு இன்னிங்ஸில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் எந்தப் புதுமுகமும் அதுவரை செய்யாதது.

எதிரணியின் பிட்சிங் கோச்சாக அன்று டக் அவுட்டில் இருந்தவர் மார்க் ப்ரையர். அவருக்கும் ஒருகாலத்தில் 22 வயது இருந்தது.

ஐ.பி.எல்-லில் ஒரு பௌலரின் கணக்கு நான்கு ஓவர், 24 பந்து. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒரே இரவில் 90, 100 பந்து வீசுவார். நான்கைந்து நாள் ஓய்வு, பிறகு மறுபடி 90, 100. லீக் சுற்றில் மட்டும் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். செப்டம்பர் வரும்போது அனுபவசாலிகளின் கைகள் களைத்துப் போயிருக்கும். பிளே ஆஃபுக்குள் நுழைய ஒன்றிரண்டு வெற்றிதான் பாக்கி என்று இருக்கும். அப்போதுதான் அணிகளின் கண் கீழே, மைனர் லீக்கில் இருக்கும் புதுக்கைகள் மீது விழும்.

ப்ரையரின் கதை 2003-ல் நடந்தது. சிகாகோ கப்ஸ் அணி கோப்பையைத் தொட்டு அப்போது 95 வருடம். வேர்ல்ட் சீரிஸில் ஆடியே 58 வருடம். ஊரே தவித்துக்கிடந்தது. புதிதாக வந்திருந்த மேனேஜர் டஸ்டி பேக்கரின் கையில் இருந்த துருப்புச்சீட்டு ப்ரையர். 18 வெற்றி, 6 தோல்வி. அந்த செப்டம்பரில்தான் அவருக்கு 23 பிறந்தது. அதே மாதத்தில் பல இரவுகள் 120 பந்துக்கு மேல் வீசினார். சில இரவுகளில் 130-ஐத் தாண்டினார். லீக் சுற்றில் 211 இன்னிங்ஸ் முடித்த கைக்கு, பிளே ஆஃபில் இன்னும் 23 இன்னிங்ஸ். எட்டிப்பிடிக்கவே முடியாத முன்னிலை இருந்த ஓர் ஆட்டத்தில்கூட ஏழாவது இன்னிங்ஸ் வரை அவரையே வீசவிட்டார்கள்.

அக்டோபர் 14 அன்று, வேர்ல்ட் சீரிஸுக்குள் போக ஐந்தே அவுட் பாக்கி. ஸ்கோர் 3-0. களத்தில் ப்ரையர்தான். அந்த ஒரு இன்னிங்ஸில் ஃப்ளோரிடா மார்லின்ஸ் எட்டு ரன் எடுத்தது. கேலரியில் உட்கார்ந்து பந்தைத் தொட்ட ரசிகர் ஒருவர்மீது ஊர் மொத்தக் கோபத்தையும் கொட்டியது. ஒரு வருடம் முழுக்க உழைத்துக் களைத்த தோளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அதன்பின் கணுக்கால், முழங்கை, தோள் என்று காயத்துக்கு மேல் காயம். 2006-ல் கடைசியாக மேஜர் லீக்கில் வீசியபோது ப்ரையருக்கு வயது 25. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சக வீரர் வீசியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லாத விபத்துகளும் அவருக்கு நடந்தன. ஓடும்போது எதிரணி வீரருடன் மோதினார். ஒருமுறை பேட்ஸ்மேன் அடித்த பந்து நேராக முழங்கையில் பட்டது. ஆகவே 2003 செப்டம்பர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எந்த டாக்டரும் சத்தியம் செய்ய முடியாது. பேக்கரை ப்ரையரே குறை சொன்னதில்லை.

சொல்லவும் மாட்டார்கள். பல வருடம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், மேஜர் லீக் கனவோடு காத்திருந்த பையனிடம் “கை எப்படி இருக்கு?” என்று கேட்டால், “சூப்பரா இருக்கு சார்” என்பதைத் தவிர வேறு பதில் வருமா? மேனேஜருக்கு இன்றைய ஆட்டம் போனால் வேலை போகும். பையனுக்குக் கை போனால் எல்லாமே போகும். மேஜர் லீக்கில் 2025-ன் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 7,60,000 டாலர். நமக்கு மலைப்பாக இருக்கலாம். ஆனால் விரும்பிய அணியோடு விலை பேசிக் கோடிகளைப் பார்க்க ஆறு வருட சர்வீஸ் வேண்டும். அந்த ஆறு வருடமும் கை உழைத்தாக வேண்டும்.

அப்படியானால் பொத்திப் பொத்தி வைத்துவிடலாமா? அதையும் ஓர் அணி செய்து பார்த்தது.

வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், 2010-ல் தன் முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர். அதே வருடம் முழங்கைத் தசைநார் கிழிந்தது. உடம்பின் வேறொரு இடத்திலிருந்து நாரை எடுத்து முழங்கையில் பொருத்தும் ‘டாமி ஜான்’ ஆபரேஷன். திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். 2012-ல் அணி 98 வெற்றிகளோடு லீக்கிலேயே முதலிடம். வாஷிங்டனுக்கு 1933-க்குப் பிறகு கிடைத்த முதல் பிளே ஆஃப். ஆனால் ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸோ, சுமார் 160 இன்னிங்ஸ்தான் என்று முன்பே கோடு போட்டிருந்தார். செப்டம்பர் 7-ம் தேதியோடு ஸ்ட்ராஸ்பர்க்கை நிறுத்திவிட்டார். பையன் கொதித்துப்போனான். செயின்ட் லூயிஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் 6-0 என்று முன்னிலை பெற்றிருந்த அணி 9-7 என்று தோற்று வெளியேறியது.

இன்றுவரை ரிஸோவைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் அதே ஸ்ட்ராஸ்பர்க் பிளே ஆஃபில் ஐந்து வெற்றி பெற்று, வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரராகக் கோப்பையைத் தூக்கியபோது, ‘பார்த்தீர்களா?’ என்றார்கள் எதிர்த் தரப்பினர். உடனே 24.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம். அதற்குப் பிறகு அவரால் வீச முடிந்தது எட்டே ஆட்டங்கள்! இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லும் ஒரே ஆள் அவர்தான்.

ரிஸோ பிட்சரை நிறுத்தியது தப்பில்லை. காலண்டரைப் பார்க்காததுதான் தப்பு. 160 இன்னிங்ஸ்தான் கையிருப்பு என்றால், ஏப்ரலிலிருந்தே ஏன் செலவழிக்க வேண்டும்? மே மாதம் தொடங்கியிருந்தால், நடுவில் சில ஆட்டங்களைத் தவிர்த்திருந்தால், அக்டோபருக்கு மிச்சம் இருந்திருக்கும். யெசாவேஜ் விஷயத்தில் டொரன்டோ இதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. மைனர் லீக்கில் அவர் வீசியது 100 இன்னிங்ஸுக்கும் குறைவு. பிளே ஆஃபையும் சேர்த்து அந்த வருடக் கணக்கு 140-ஐ ஒட்டித்தான் வந்தது.

இன்னிங்ஸை மட்டும் எண்ணினால் போதாது என்பதும் இப்போது தெரிகிறது. மேலும் மேலும் வேகத்தைத் துரத்துவதையும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதையும், 2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் வெளியிட்ட ஆய்வே காயங்களுக்குக் காரணமாகச் சுட்டியது. தேர்வாளர் கண்ணில் படவேண்டிய இளைஞன்தான் இந்த இரண்டையும் விடாமல் செய்கிறான்.

அவசரத்துக்கு அழைப்பதானாலும் அளவோடு பயன்படுத்த ஒரு வழி உண்டு. 2002-ல் ஏஞ்சல்ஸ் அணி, 20 வயது பிரான்சிஸ்கோ ரொட்ரிகஸை செப்டம்பர் நடுவில்தான் அழைத்தது. ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லவில்லை. நடுவில் ஒன்றிரண்டு இன்னிங்ஸ், அவ்வளவுதான். மேஜர் லீக்கில் அதுவரை ஒரு வெற்றிகூட இல்லாதவர், அந்த பிளே ஆஃபில் ஐந்து வெற்றி பெற்றார். அணி சாம்பியன் ஆனது. பிறகு பல வருடம் வீசி 437 ‘சேவ்’ எடுத்தார்.

டேவிட் ப்ரைஸும் அப்படித்தான். 2008 செப்டம்பரில் டம்பா பே ரேஸ் அணிக்கு வந்தார். அக்டோபரில் பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி அவுட்களை எடுத்து, அணியை முதன்முறையாக வேர்ல்ட் சீரிஸுக்கு அனுப்பினார். ஊரே கொண்டாடிய அந்தப் பையனை, 2009 தொடக்கத்தில் மறுபடி டர்ஹாமுக்கு, மைனர் லீக்குக்கே அனுப்பியது அணி. சர்வீஸ் நாட்களைக் குறைத்துச் சம்பளத்தை மிச்சம்பிடிக்கும் கணக்கும் அதில் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனாலும் தொடக்க பிட்சராக நிறையப் பந்து வீசப் பழக அங்கே அவருக்கு அவகாசம் கிடைத்தது. மே மாதக் கடைசியில் திரும்ப அழைத்தார்கள். 2012-ல் அவர் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார்.