சேதுக்கரைக்கு 50 மி.மீ. போதும்

வானத்தைப் படமெடுக்க ஆசைப்படும் எங்கள் திருப்புல்லாணிப் பிள்ளைகளே, எடுத்த எடுப்பில் நீண்ட குவியத்தூர லென்ஸ் வாங்காதீர்கள். 500 மி.மீ. லென்ஸில் ஒரு நொடி தாண்டினாலே விண்மீன் கோடாக இழுபடும். வானோடு சேர்ந்து சுழலும் தாங்கி வேண்டும். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேர்செய்ய வேண்டும். நம் ஊரில் அது வெறும் 9 பாகை உயரத்தில், பனைமரங்களுக்குப் பின்னால் கிடக்கிறது!

சித்திரை இரவில் சேதுக்கரைக்கு 50 மி.மீ. லென்ஸோடு வாருங்கள். முழுச்சட்டக் கேமராவில் தென்சிலுவை, ஆல்பா சென்டாரி, கரீனா நெபுலா எல்லாம் தென்கடலுக்கு மேலே ஒரே படத்தில் அடங்கும். வான நடுவரையில் உள்ளவற்றைவிட இவை பாதி வேகத்தில்தான் நகரும்; 10 நொடி தாராளம். லண்டன்காரருக்கு எந்த லென்ஸிலும் இந்தச் சிலுவை கிட்டாது.

நெபுலாவின் உள்மடிப்புகளை நீண்ட லென்ஸ்தான் காட்டும், உண்மை. அதற்கான தாங்கியைப் பள்ளிகள் பொதுவில் வாங்கி வைக்கட்டும். வீட்டுக்கு வீடு கடன் வேண்டாம்.