குணால் கம்ராவின் மேடையும் மாநகராட்சியின் சம்மட்டியும்

மும்பையில் ‘தி ஹாபிடாட்’ என்னும் சிறு அரங்கம் 2025 மார்ச் 23 இரவு அடித்து நொறுக்கப்பட்டது. மேடை நகைச்சுவையாளர் குணால் கம்ரா அங்கே பதிவு செய்த ‘நயா பாரத்’ நிகழ்ச்சியில், மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயின் கட்சித் தாவல் கேலிக்குள்ளானது என்பதே காரணம். ஷிண்டேயின் பெயரைக்கூடக் கம்ரா உச்சரிக்கவில்லை. நொறுக்கிய ஷிண்டே பிரிவு சிவசேனையினர் கைதான அன்றே பிணையில் வெளிவந்தனர். அதே நாளில் மாநகராட்சி ஊழியர்கள் சம்மட்டியுடன் வந்து, விதிமீறல் என்று கூறி அரங்கத்தின் ஒரு பகுதியை இடித்தனர்.

இடிப்பதற்கு முன் 15 நாள் அறிவிப்பு தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது 2024 நவம்பர் 13 அன்று. மும்பை மாநகராட்சியிலோ 2022 மார்ச் முதல் அப்போதுவரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இருக்கவில்லை. மாநில அரசு அமர்த்திய அதிகாரியின் ஆட்சிதான் நடந்துவந்தது. சம்மட்டியை அனுப்பியது யார் என்று அதிகம் தேட வேண்டியதில்லை.

கம்ரா விளம்பரத் துறையில் பல்லாண்டு பணியாற்றிவிட்டு 2013-இல் மேடையேறியவர். எல்லையில் வீரர்கள் நிற்கும்போது ஏ.டி.எம். வரிசையில் உன்னால் நிற்க முடியாதா என்று மக்களின் வாயை அடைத்த போலித் தேசபக்தியை அவர் நையாண்டி செய்த 2017ஆம் ஆண்டுக் காணொளி அவரை நாடறியச் செய்தது. அதன்பின் ஊர் ஊராக நிகழ்ச்சிகள். அவற்றின் கூடவே தடைகள். 2018-இல் வடோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம், தேசவிரோதி என்ற புகாரை ஏற்று அரங்க அனுமதியை ரத்து செய்தது. 2020 ஜனவரியில் விமானத்தில் அர்னாப் கோஸ்வாமியிடம் கேள்விகளை அடுக்கியதற்காக இண்டிகோ நிறுவனம் ஆறு மாதத் தடை விதித்தது. அன்று கம்ரா நடந்துகொண்ட முறை சரியா என்பதில் மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால் பிற நிறுவனங்களும் தடை விதிக்க வேண்டும் என்று ஒன்றிய அமைச்சரே கேட்டுக்கொண்டதை எந்த விதியில் சேர்ப்பது? 2022 செப்டம்பரில் விசுவ இந்து பரிசத்தின் எதிர்ப்பால் குருகிராம் நிகழ்ச்சி கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் புக்மைஷோ தன் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கியது. என் பார்வையாளர்களின் தொடர்பு விவரங்களையாவது எனக்குத் தாருங்கள் என்று, அவர்களைச் சேர்த்த கலைஞனே அந்நிறுவனத்திடம் கேட்க வேண்டியதாயிற்று!

இவற்றில் ஒன்றுகூட நீதிமன்ற ஆணையன்று. நீதிமன்றத்தில் கம்ரா வென்றே இருக்கிறார். அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்பதை அரசே தீர்மானிக்க வழிசெய்த தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தத்தை, அவர் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. சட்டத்தால் வாயடைக்க முடியாதவரின் பிழைப்பை அடைக்கும் வேலைதான் நடக்கிறது. விமானம், அரங்கம், நுழைவுச் சீட்டு ஆகிய மூன்றும் தனியார் முதலாளிகளின் கையில். அவர்களுக்கு ஆணை எதுவும் தேவையில்லை, ஆட்சியாளர்களின் முகக்குறிப்பே போதும்.

கம்ராவுக்கு இணையத்தில் பல லட்சம் பேர் இருக்கிறார்கள், அவர் தாக்குப்பிடிப்பார். ஹாபிடாட் போன்ற அரங்குகளில் ஐந்து நிமிடம் பேசிப் பழகும் பெயரறியா இளைஞர்களும், ஒலி, ஒளிப் பணியாளர்களும் என்ன செய்வார்கள்? 2021 ஜனவரி முதல் நாள் இந்தூரில், சொல்லாத நகைச்சுவைக்காகக் கைதான முனவர் ஃபாரூக்கி ஒரு மாதத்துக்குப் பின் உச்ச நீதிமன்றத்தால் வெளிவந்தார். அவருடன் கைதான உள்ளூர்க் கலைஞர் ஒருவர் அதன்பிறகும் சிறையில் கிடந்தார். அவரைப் பற்றி நாடு அதிகம் பேசவில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் வசித்துவரும் கம்ராவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 28 அன்று இடைக்கால முன்பிணை அளித்தது. ஏப்ரல் 25 அன்று மும்பை உயர் நீதிமன்றமும் அவரைக் கைது செய்யக் கூடாது என்றது. விசாரிப்பதானால் சென்னைக்குச் சென்று விசாரிக்கும்படி காவல்துறைக்குச் சொன்னது. வரவேற்கத்தக்க ஆணைகள். எனினும் அவர் மீதான வழக்கே திரும்பப் பெறப்பட வேண்டும். நாக்பூர் வன்முறையில் நேர்ந்த இழப்பைக் கலவரக்காரர்களிடமிருந்தே வசூலிப்போம் என்று முதல்வர் ஃபட்னாவிஸ் அறிவித்தது மார்ச் 22-இல், அரங்கம் உடைபடுவதற்கு முந்தைய நாள். அந்த வசூலை அவர் தன் கூட்டணிக் கட்சியினரிடமிருந்து தொடங்கட்டும்.