பெயர் சொல்லி அழைக்க ஒருவர்

இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நவம்பர் 2ஆம் நாள் நெருங்கும்போது, பங்கு இல்லத்தின் முன் மக்கள் சிறு தாள்களோடு வந்து நிற்பது நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி. குடும்பத்தில் இறந்தோரின் பெயர்களை எழுதி, திருப்பலியில் நினைவுகூரும்படி தருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த மூதாட்டி ஒருவர், தாளை நம்மிடம் நீட்டாமல் கையிலேயே பற்றிக்கொண்டு நின்றார். அனைவரும் சென்ற பின் மெல்லக் கேட்டார்: "என் மகன் வீட்டை விட்டுப் போய்ப் பதினெட்டு வருசம் ஆச்சு, சாமி. அவன் பேரை எதிலே எழுதுறது? உயிரோட இருக்கிறவங்களோடவா, செத்தவங்களோடவா?"

குருமடத்தில் நாம் பயின்ற நூல்கள் எதிலும் இக்கேள்விக்கு விடை எழுதப்பட்டிருக்கவில்லை. அன்று நாம் கூறிய மறுமொழியை முடிவில் சொல்வோம். அதற்கு முன், அந்தத் தாயின் கேள்வியை நமக்கு மீண்டும் நினைவூட்டிய வேறொரு நிகழ்ச்சியைக் குடும்பத்தார் அறிய வேண்டும். அத்தாயிடம் பெயர் இருந்தது, மகன் இல்லை. ஆஸ்திரேலிய நாட்டில் மனிதரின் உடல் இருந்தது, பெயர் இல்லை. அப்பெயரைக் கண்டறிய 73 ஆண்டுகள் சென்றன. கண்டறிந்தவர்களோ காவல்துறையினர் அல்லர். தாமாகவே முன்வந்து தேடியவர்கள்.

1948ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் காலை, தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டை அடுத்த சோமர்ட்டன் கடற்கரையில் ஓர் ஆண் இறந்து கிடந்தார். தடுப்புச் சுவரில் தலை சாய்ந்திருந்தது. கால்கள் கடலை நோக்கி நீண்டிருந்தன. நாகரிகமான உடை, பளபளக்கும் காலணி. காயம் ஏதுமில்லை. சட்டைப்பையில் பயணச்சீட்டுகள், சீப்பு, சிகரெட்டு, தீப்பெட்டி ஆகியவை இருந்தன. இன்னார் என்று காட்டும் ஒரு துண்டுத் தாளும் இல்லை. உடைகளில் இருந்திருக்க வேண்டிய பெயர்ச்சீட்டுகளும் அகற்றப்பட்டிருந்தன.

முந்தின நாள் மாலையில் அதே இடத்தில் ஒருவர் சாய்ந்திருந்ததைக் கண்டவர்கள் உண்டு. அவ்வழியே உலாவச் சென்ற தம்பதியர், அவர் தம் வலக் கையை மேலே உயர்த்தியதையும் அது வலுவிழந்து கீழே விழுந்ததையும் பார்த்தனர். மதுமயக்கம் என்று எண்ணி அப்பால் சென்றனர். சற்று நேரம் கழித்து வேறொரு இணையரும் அவரைக் கண்டனர். முகத்தைக் கொசுக்கள் மொய்த்தும் அவர் அசையாதிருந்தது வியப்பாயிருந்தது. இறந்து கிடக்கிறாரோ என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டு அவர்களும் நடந்தனர். இவர்கள் கொடியவர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்களே. எரிகோ சாலையில் விலகிச் சென்ற குருவும் லேவியனும் மனத்தில் என்ன எண்ணிச் சென்றிருப்பார்கள் என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் வேண்டுமோ?

1949 ஜனவரியில் அடிலெய்டு இரயில் நிலையத்தின் பொருள் காப்பறையில் பழுப்புநிறப் பெட்டி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் இருந்த நூலும், இறந்தவரின் உடையைத் தைத்திருந்த நூலும் ஒன்றே. அப்பெட்டியில் இருந்த சில பொருள்களில் மட்டும் 'கீன்' என்ற பெயர் காணப்பட்டது. ஆயின் அப்பெயருடைய எவரும் காணாமற் போயிருக்கவில்லை. பின்னர், இறந்தவரின் காற்சட்டையில் மறைவாயிருந்த சிறு பையிலிருந்து சுருட்டி வைத்த தாள் துண்டு ஒன்று கிடைத்தது. 'முடிந்தது' எனப் பொருள்படும் பாரசீகச் சொற்கள் அதில் அச்சாகியிருந்தன. அது உமர் கய்யாமின் கவிதை நூல் ஒன்றின் கடைசிப் பக்கத்திலிருந்து கிழிக்கப்பட்டது. அந்த நூலும் அகப்பட்டது. கடற்கரைக்கு அண்மையில் நிறுத்தியிருந்த தம் காரினுள் அது கிடந்ததாகக் கூறி ஒருவர் அதைக் காவலரிடம் ஒப்படைத்தார். அதன் பின்னட்டையில் பொருள் விளங்காத ஆங்கில எழுத்துகள் சில வரிகளும், அப்பகுதியில் வாழ்ந்த செவிலியர் ஒருவரின் தொலைபேசி எண்ணும் இருந்தன. இறந்தவரைத் தமக்குத் தெரியாதென்றே அப்பெண்மணி கூறினார்.

இவ்வளவு போதாதா, கதை கட்ட? வல்லரசுகளுக்கிடையே பனிப்போர் மூண்டிருந்த காலம் அது. அவர் ஓர் ஒற்றர் என்றனர்; எழுத்துகள் சங்கேதக் குறிகள் என்றனர்; நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார் என்றனர். "இவர் எங்கள் உறவினர்", "இவர் எம்மோடு வேலை செய்தவர்" என்று அடையாளம் சொல்ல வந்தவர்கள் பலர். 1953 நவம்பருக்குள் காவல்துறைக்கு வந்து சேர்ந்த 'தீர்வுகள்' 251. ஒன்றும் பொருந்தவில்லை. 1958இல் விசாரணை அதிகாரி தம் முடிவை எழுதியபோது, இறந்தவர் யார் என்பதையோ எவ்வாறு இறந்தார் என்பதையோ அவரால் கூற முடியவில்லை.

இதற்கிடையே 1949 ஜூன் 14ஆம் நாள் அவரை அடக்கம் செய்தனர். அநாதைப் பிணமாக அவர் புதைக்கப்படுவதைப் பொறாமல், செலவை ஏற்க முன்வந்தவர்கள் யார் என்று எண்ணுகிறீர்கள்? குதிரைப் பந்தயத்தில் பணயம் வாங்கும் தொழிலாளர் சங்கத்தார்! இரட்சணிய சேனையைச் சேர்ந்த அலுவலர் ஒருவர் கல்லறையோரம் நின்று செபித்தார். சோமர்ட்டன் கடற்கரையில் காணப்பட்ட அறியப்படாத மனிதர் இங்கே துயில்கிறார் என்ற கருத்தில் ஒரு கல்லும் நடப்பட்டது. இறந்தோரை அடக்கம் செய்தல், உடலைச் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்றென நாம் மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். தெருவில் கிடந்த உடலைப் பற்றிக் கேட்டதும் உணவைத் தொடாமல் எழுந்து ஓடிய தோபித்தை வியந்திருக்கிறோம். அன்று அடிலெய்டில் அச்செயலைச் செய்தவர்கள், நாம் ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் கண்டிக்கும் சூதாட்டத்தை நடத்தியவர்கள். இரக்கம் எந்த வாசல் வழியாக நுழையும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை.

அடக்கத்திற்கு முன் காவல்துறையார் அவருடைய தலையும் மார்பும் தெரியும்படி சாந்தினால் ஓர் அச்சு எடுத்து வைத்திருந்தனர். என்றேனும் ஒருநாள் யாரேனும் அம்முகத்தை அறிந்து சொல்லக்கூடும் என்பது நோக்கம். வார்ப்பில் ஒட்டிக்கொண்ட சில தலைமுடிகளை அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை. பெயரைத் திறக்கும் சாவி அம்முடிகளில்தான் இருந்தது.

அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் மின்னியல் பேராசிரியரான டெரெக் அபட், 2009ஆம் ஆண்டில் தம் மாணவரோடு அந்த மர்ம எழுத்துகளை ஆராயத் தொடங்கினார். எழுத்துகள் வசப்படவில்லை, ஆனால் அவரும் ஓயவில்லை. வார்ப்பில் இருந்த முடிகளைப் பெற்று மரபணு ஆய்வுக்கு அனுப்பினார். அமெரிக்க நாட்டு வம்சாவளி ஆய்வாளர் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக் அவரோடு இணைந்தார். முறை இதுதான்: நம் ஒவ்வொருவர் உடலிலும் முன்னோரின் தடம் எழுதப்பட்டுள்ளது. தங்கள் வம்சத்தை அறிய விரும்பிப் பலர் தம் மரபணு விவரங்களைப் பொதுவில் பதிந்து வைக்கிறார்கள். அறியப்படாதவரின் தடத்தை அவற்றோடு ஒப்பிட்டால், எங்கோ ஒரு தூரத்து உறவினர் அகப்படுவார். அவரிலிருந்து முன்னோர் வரை மேலே சென்று, பின் கிளை கிளையாகக் கீழே இறங்கி வர வேண்டும்.

அவர்கள் ஏறத்தாழ 4,000 பெயர்கள் கொண்ட வம்ச மரம் ஒன்றை வரைந்தனர். பிறப்பு, திருமணம், இறப்பு என ஒவ்வொன்றையும் பதிவேடுகளில் சரிபார்த்தனர். அம்மரத்தில் ஒரு கிளை மட்டும் முடிவில்லாமல் நின்றது. பிறந்ததற்குப் பதிவு உண்டு, மணம் புரிந்ததற்குப் பதிவு உண்டு. இறந்ததற்குப் பதிவு இல்லை. நம் கோவில்களில் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் ஏன் இத்துணைக் கவனமாக எழுதிக் காக்கப்படுகின்றன என்று வினவும் இளைஞர்கள் இதைச் சிந்திக்க. ஒரு வெற்றிடம் ஒரு மனிதரைக் காட்டிக்கொடுத்தது.

2022 ஜூலையில் அவர்கள் அறிவித்த பெயர் கார்ல் வெப். மெல்பர்ன் நகரின் ஃபுட்ஸ்கிரே பகுதியில் 1905 நவம்பர் 16ஆம் நாள் பிறந்தவர்; ஆறு பிள்ளைகளுள் கடைக்குட்டி; மின்கருவிகள் செய்யும் தொழிலறிந்தவர்; கவிதையில் நாட்டம் உடையவர். 'கீன்' என்ற புதிரும் அவிழ்ந்தது: அவருடைய சகோதரியை மணந்தவரின் குடும்பப் பெயர் கீன். மைத்துனர் வீட்டுப் பொருள்களே அப்பெட்டியில் இருந்திருக்கக்கூடும். உறவினரின் பழைய படத் தொகுப்பொன்றில் அவருடைய இளமை முகமும் கிடைத்தது. 2021 மே மாதம் கல்லறையைத் தோண்டி எடுத்துத் தனியே ஆய்வு நடத்திய காவல்துறை, இந்த அறிவிப்பை உடனே உறுதிப்படுத்தவில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்.

ஒற்றர் எங்கே? சங்கேதம் எங்கே? 1941இல் மணந்து, இல்லறம் கசந்து, 1947இல் வீட்டை விட்டு வெளியேறிய ஒரு மனிதரே அங்கிருந்தார். கைவிட்டுச் சென்ற கணவரிடமிருந்து விடுதலை கோரி 1951இல் மனைவி வழக்குத் தொடுத்தார். எந்தக் கணவர் மேல் வழக்கோ, அவர் அடிலெய்டு மண்ணில் அடங்கி ஈராண்டு ஆகியிருந்தது. ஊரார் அனைவரும் செய்தித்தாளில் அவரைப் பற்றிப் படித்திருக்க, அவரை அறிய வேண்டியவர்கள் அவரை அறியவில்லை.

அன்புக்குரிய குடும்பத்தாரே, இங்கே நாம் சற்று நிற்போம். இத்தனை ஆண்டு இம்மனிதரைத் தேடியவர்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகையினர் நேசித்தது மர்மத்தை. அவர்களுக்கு அம்மனிதர் யாராயிருந்தாலும் சரி, கதை சுவையாக இருக்க வேண்டும். அவர்களுடைய நாவினால் உயிரோடிருந்தோர் புண்பட்டனர். அந்தச் செவிலியரின் மகன் இறந்தவருக்குப் பிறந்தவன் என்று எழுதினார்கள். பிற்பாடு வந்த மரபணு ஆய்வு அத்தகைய உறவு எதையும் காட்டவில்லை. ஒரு தாயின் நற்பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தை எந்த ஆய்வு துடைக்கும்? நம் ஊர்த் திண்ணைகளிலும் குழாயடிகளிலும் இதே ஆராய்ச்சிகள் நடக்கின்றன என்பதை மறவாதிருப்போம்.

மற்ற வகையினர் நேசித்தது மனிதரை. அல்லது, மர்மத்தில் தொடங்கி மனிதரிடம் வந்து சேர்ந்தனர். அவர்கள் 4,000 பெயர்களையும் பொறுமையாக ஒவ்வொன்றாக எழுதினர். பரிசு கருதியன்று, ஒரு கல்லின் மேல் 'அறியப்படாதவர்' என்ற சொல்லுக்குப் பதில் ஒரு பெயர் எழுதப்பட வேண்டும் என்பதற்காக. ஞானஸ்நானத்திற்குக் குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோரிடம் திருச்சபை முதன்முதல் கேட்பது என்ன? அவர்களுடைய குலத்தையா, செல்வத்தையா? குழந்தைக்கு இட்ட பெயரையே கேட்கிறது. வாழ்வின் வாசலில் பெயர் கேட்டு வரவேற்கப்பட்ட ஒருவரை, பெயரின்றி வழியனுப்புவது முறையாகாது. இதை உணர்ந்து உழைத்தவர்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, தோபித்தின் பணியையே தொடர்ந்தார்கள்.

எனினும் நம் உள்ளத்தை உறுத்தும் கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. 2022இல் 4,000 பேரை ஆராய்ந்து கண்ட பெயரை, 1948இல் ஒரே ஒரு கேள்வி கண்டிருக்கக்கூடும்: "கார்ல் எங்கே இருக்கிறான்? ஏன் கடிதம் இல்லை?" அக்கேள்வியை யாரேனும் உரக்கக் கேட்டுக் காவல் நிலையம் வரை சென்றிருந்தால் போதும். ஏன் கேட்கவில்லை என்று அந்தக் குடும்பத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அங்கே என்னென்ன மனத்தாங்கல்கள் இருந்தன என்பதை ஆண்டவரே அறிவார். நம் வீட்டைப் பார்ப்போம். சொத்துத் தகராற்றில் பேச்சை நிறுத்திக்கொண்ட தமையன், வேற்றூரில் வேலைக்குப் போய்க் கடிதத்தை நிறுத்திய மகன், குடியினால் விரட்டப்பட்ட சித்தப்பா, மனத்துக்குப் பிடிக்காத திருமணம் செய்துகொண்டாள் என்று பெயரே உச்சரிக்கப்படாத மகள்! "எங்கேயோ இருப்பான்" என்று நாம் சொல்லும் அந்த 'எங்கேயோ' ஒரு கடற்கரைச் சுவராக இருந்துவிடக் கூடாதே!

நவம்பர் மாதத்தில் கல்லறைகளைச் சுத்தம் செய்து, மலர் வைத்து, மெழுகுதிரி ஏற்றுகிறோம்; நன்று. அத்தோடு இம்மாதம் இன்னொன்றும் செய்வோம். நம் குடும்பத்தில் பெயர் சொல்லி அழைக்கப்படாமல் விடப்பட்ட ஒருவருக்கு ஒரு கடிதமோ ஒரு தொலைபேசி அழைப்போ அனுப்புவோம். விடை வராவிட்டால் மறுபடியும் அனுப்புவோம். மாலையில் வழியோரம் ஒருவர் சாய்ந்து கிடந்தால், குடித்திருக்கிறார் என்று முடிவுகட்டும் முன் அருகே சென்று ஒரு வார்த்தை கேட்போம்.

அந்த மூதாட்டிக்கு நாம் சொன்ன மறுமொழி இது: "பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கள், அம்மா. எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்பதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்." அவர் எழுதினார். அதன் பின் ஒவ்வோர் ஆண்டும், தாம் இறக்கும் வரை, அதே பெயரைத் தனித் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். இப்போது அவருடைய பெயரை நாம் இறந்தோர் வரிசையில் வாசிக்கிறோம். மகனுடைய பெயரையும் விடாமல் வாசிக்கிறோம். கேட்பதற்கு யாரும் இல்லாத போதும், அழைப்பதற்கு ஒருவராவது இருக்க வேண்டும் அன்றோ!