பஸ் ஸ்டாண்டு வரை நின்ற தண்ணீர்

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "போட் ஹவுஸுக்கு எப்படிப் போகணும்?" என்பதுதான். அப்படிக் கேட்பவர் நிற்கும் இடமே ஒரு காலத்தில் ஏரிதான்!

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1820-களில் மலையோடைகளின் குறுக்கே கரை எழுப்பி இந்த ஏரியை உருவாக்கினார். கடலே இல்லாத மலையூருக்கு இதுதான் துறைமுகம். அன்று படகில் ஏறியவர்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அக்கரைக்குப் போகத்தான் ஏறினார்கள். மீன் பிடிக்கவும் ஏரி பயன்பட்டது. கரை உடைந்து மூன்று முறை தண்ணீர் மொத்தமும் வெளியேறியதும் உண்டு.

பிறகு ஊர் வளர்ந்தது, ஏரி சுருங்கியது. ஏரியாக இருந்த இடத்தில் குதிரைப் பந்தய மைதானம் வந்தது. பஸ் ஸ்டாண்டும் பூங்காவும் வந்தன. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர்.

ஆனால், தண்ணீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை. பலத்த மழை பெய்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரயில்வே பாலத்தின் அடியில் வெள்ளம் தேங்கி, வண்டிகள் சிக்கிக்கொள்கின்றன. ஊட்டிக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஏரியில் படகு, பாலத்தடியில் கார்... இரண்டுமே மிதக்கும்!

இன்னொரு கவலை, கோடப்பமந்து கால்வாய். ஊருக்கு நடுவே ஓடிவரும் இந்தக் கால்வாய், வழியில் கிடைக்கும் குப்பையையும் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டுதான் ஏரியில் கலக்கிறது. அது ஊட்டியோடு முடிகிற விஷயமல்ல. ஏரியிலிருந்து வழியும் நீர் காமராஜ் சாகர் அணைக்குப் போய், மோயாற்றுப் பக்கம் இறங்கி, கடைசியில் பவானிசாகரைச் சேர்கிறது. மலையில் எறியும் ஒரு சிப்ஸ் பாக்கெட், சமவெளியில் நெல்லும் மஞ்சளும் விளைவிப்பவரின் தண்ணீரில் போய் விழலாம்.

போட் ஹவுஸை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என மூன்றும் உண்டு. குழந்தைகளுக்கு மினி ரயிலும் இருக்கிறது. மே மாதக் கோடை விழாவில் படகுப் போட்டி களைகட்டும். கூட்டம் பிடிக்காதவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. கரையோர யூகலிப்டஸ் வாசமும் பனிமூட்டமும் அப்போதுதான் முழுசாகக் கிடைக்கும். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் போட்டோவுக்காகக்கூடக் கழற்றக் கூடாது.

மலை ஏறும் முன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்கள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நின்று, குழந்தைகளிடம் சொல்லுங்கள்: "இங்கேயும் ஒரு காலத்தில் படகு போச்சு." மிச்சமிருக்கும் 65 ஏக்கரையாவது காப்பாற்ற வேண்டும் என்பது, அவர்களுக்குத் தானாகவே புரியும்.