மோட்டரை ளுஹருக்கு முன் போடுவோம்



2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையோ தேவை உச்சத்துக்கு ஏறுகிறது.

எங்கள் மஹல்லாப் பள்ளியில் வுழூத் தாங்கிக்கு மோட்டர் போடுவது மஃரிபை ஒட்டித்தான். அதே தண்ணீரை ளுஹருக்கு முன்பே ஏற்றிவிடலாமே! மீன் குளிரறைகளும் நண்பகலில் கூடுதலாகக் குளிரேற்றிவிட்டு, மாலையில் கொஞ்ச நேரம் மின்சாரமின்றித் தாக்குப்பிடிக்கும். ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இது நடக்காது. ஆகவே எந்தக் கட்டடம் எவ்வளவு மின்பாவனையை, எத்தனை மணி நேரம் தள்ளிவைக்க முடியும் என்று முதலில் அளக்க வேண்டும்.

மின்சாரத் துறையினரே, கல்முனையிலேயே அந்தக் கணக்கெடுப்பைத் தொடங்குங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, மோட்டர் போடும் நேரத்தை இந்த வாரமே மாற்றுங்கள்.

வாசகர்,
சாய்ந்தமருது